மனமகிழ்ச்சியும் ஹக்கில் சேர்ந்ததா?



நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது நன்மை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் இழந்த ஒருவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று ஜும்ஆவுக்குப் பிறகு ஒருவர் எழுந்து சொன்னால், அஸருக்குள் பணம் சேர்ந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், "எனக்கு ஒரு வேடிக்கை பார்க்கப் போக வேண்டும்" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? உணவும் மருந்தும் அவருடைய ஹக்கு என்று ஒப்புக்கொள்கிறோம். மனமகிழ்ச்சியும் அந்த ஹக்கில் சேர்ந்ததா, அல்லது அது நாம் மனமிருந்தால் கொடுக்கும் உபரியா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் ஆலிம் அல்ல, கடைக்காரன். பிழை இருந்தால் உலமாப் பெருமக்கள் திருத்த வேண்டும்.

நம் கேமரன் மலையில் லேண்ட் ரோவர் வண்டியைத் தெரியாத குழந்தை கிடையாது. 1948-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில்தான் அந்த வண்டி முதன்முதலில் உலகத்துக்குக் காட்டப்பட்டது. யுத்தம் முடிந்த சமயம். இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குப் பெரும் தட்டுப்பாடு. ஆகவே வண்டியின் மேல்உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அவர்களுடைய தட்டுப்பாடு நம் மலைக்கு அனுகூலமாக முடிந்தது. இங்கே நாள் முழுக்கப் பனியும் மழையும் அடித்தாலும் அந்தத் தகடு இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. அடிச்சட்டம் இரும்பு. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும்; செங்குத்தான சரிவுக்கென்று தனியாகக் கீழ்க்கியரும் உண்டு. ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தோட்டத்திலேயே பழுது பார்த்துவிடலாம். 1958-இல் வந்த இரண்டாம் வரிசை வண்டிகளும், 1971-இல் வந்த மூன்றாம் வரிசை வண்டிகளும் இன்றைக்கும் நம் மலைச் சரிவுகளில் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். அந்தப் பழைய வம்சத்தில் வந்த வண்டியைச் செய்வதை 2016 ஜனவரியில் கம்பெனியார் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இருப்பவற்றின் மேல் பிரியம் இன்னும் கூடியிருக்கிறது.

இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் சிலர் கூடி, பழைய வண்டிகளைக் கழுவித் துடைத்து நம் கம்போங் ராஜா பக்கத்தில் ஒரு திடலில் நிறுத்திவைத்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். இது சென்ற வருஷத்துச் செய்தி.

என் தாய்மாமா முப்பது வருஷம் ஒரு சீனத் தவுக்கேயிடம் லேண்ட் ரோவர் ஓட்டியவர். கோலத் தெர்லா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் அவர் டயர் படாத பாதை கிடையாது. நீரிழிவு முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. மற்றக் காலிலும் பலம் குறைவு. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். வண்டிகள் கூடப்போகும் செய்தி கேட்டு, "நானும் வர்றேன் மாப்ளே" என்றார்.

நான் சொன்னேன்: "மாமா, அங்கே ஒரே சகதி. கூட்டம் வேறே. உங்களுக்கு ஏன் சிரமம்? நான் போய்ப் படம் எடுத்துக்கிட்டு வந்து காட்டுறேன்."

"சரி மாப்ளே" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மாலையில் கைபேசியில் நாற்பது ஐம்பது படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில், "படம் எல்லாம் நல்லா இருக்கு. சத்தம்தான் இல்லை" என்றார். சற்று நேரம் கழித்து, கோபம் இல்லாமலே, "நான் வர்றேன்னு சொன்னேன். முடியுமான்னு நீ கேக்கவே இல்லையே மாப்ளே. வேணாம்னு சொல்லிட்டே" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் செய்தது அன்பா, அநியாயமா? அவருக்குச் சிரமம் வரக்கூடாது என்றுதானே சொன்னேன் என்று மனசு வாதாடிற்று. பிறகு நிதானமாக யோசித்தபோது ஓர் உண்மை தெரிந்தது. சிரமம் அவருக்கு மட்டும் அல்ல, எனக்கும்தான். கடையை மூட வேண்டும். வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். சகதியில் நாற்காலியைத் தள்ள வேண்டும். என் சிரமத்துக்கு அவருடைய சிரமம் என்று பெயர் வைத்துச் சொல்லியிருக்கிறேன். வியாபாரத்தில் இப்படி ஒரு சரக்குக்கு வேறு பெயர் வைத்து விற்றால் அதை மோசடி என்போம்.

அப்போது சிறுவயதில் உஸ்தாத் சொல்லித்தந்த ஒரு வரலாறு ஞாபகத்துக்கு வந்தது. உஹது யுத்தம் நடந்தது ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு. அம்ரு இப்னு ஜமூஹ் (ரலி) என்ற ஸஹாபி மதீனாவில் இருந்தார். அவருக்குக் கால் ஊனம், நன்றாக நொண்டுவார். நான்கு வாலிபப் பிள்ளைகள் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களோடு போருக்குப் போகிறவர்கள். தகப்பனாரும் புறப்பட்டபோது பிள்ளைகள் தடுத்தார்கள். அல்லாஹ்வே உங்களுக்குச் சலுகை கொடுத்திருக்கிறானே, நீங்கள் வீட்டில் இருங்கள் என்பது அவர்கள் வாதம். அவர் நேரே நாயகத்திடம் போய் முறையிட்டார். பெருமானார் (ஸல்) இரண்டு பக்கத்துக்கும் தீர்ப்புச் சொன்னார்கள். அவரைப் பார்த்து, உம்மீது போர்க் கடமை இல்லை என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் அவரைத் தடுக்க வேண்டியதில்லை என்றார்கள். அவர் போனார், உஹதிலேயே ஷஹீதானார்.

இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவருடைய வீரத்தை மட்டுமே கவனித்தேன். பிள்ளைகளுக்குச் சொன்ன வார்த்தையைக் கவனித்ததில்லை. மார்க்கத்தில் ருக்ஸத் என்ற சலுகை நோயாளிக்கும் ஊனமுற்றவருக்கும் உண்டு. அது யாருக்குக் கொடுத்தது? அவருக்கு. அவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார்; விரும்பாவிட்டால் விட்டுவிடுவார். அந்தச் சலுகையை எடுத்து மற்றவர் அவர் வீட்டு வாசலுக்குப் பூட்டாகப் போட முடியாது. அன்பு மிகுந்த பிள்ளைகளுக்கே அந்த உரிமை கிடைக்கவில்லை. கடைக்கார மருமகனுக்கு எங்கிருந்து கிடைக்கும்?

இங்கே ஓர் ஆட்சேபணை வரும். அது அல்லாஹ்வின் பாதையில் யுத்தம். இது மோட்டார் வண்டி வேடிக்கை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் உயிர் போகக்கூடிய இடத்துக்கே தடுக்க வேண்டாம் என்றால், சகதி மட்டுமே உள்ள இடத்துக்குத் தடுக்க நமக்கு என்ன ஆதாரம்? அப்புறம், ஆகுமான வேடிக்கையை நம் நாயகம் அற்பமாக நினைத்ததாக யார் சொன்னது?

ஒரு பெருநாளன்று பள்ளிவாசலில் ஹபஷிகள் ஈட்டி வைத்து விளையாடினார்கள். ஆயிஷா நாயகி (ரலி) அதைப் பார்க்க விரும்பியபோது, பெருமானார் (ஸல்) தம் மேலாடையால் அவர்களை மறைத்துக்கொண்டு நின்றார்கள்; நாயகியார் பின்னாலிருந்து பார்த்தார்கள். தாமாக அலுத்துப்போகும் வரை பெருமானார் அப்படியே நின்றார்கள் என்று புகாரி, முஸ்லிம் கிதாபுகளில் வருகிறது. உம்மத்தின் பொறுப்பு முழுவதும் தலைமேல் இருந்த ஒருவர், இன்னொருவர் ஒரு வேடிக்கையைக் கண்ணாரப் பார்ப்பதற்காகக் கால் வலிக்க நின்றிருக்கிறார். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, ஒருவர் பார்த்து மகிழ்வதற்காக மற்றவர் நிற்பது கண்ணியக் குறைவு அல்ல. மற்றொன்று, எப்போது போதும் என்பதை முடிவு செய்தது பார்க்கிறவர், நிற்கிறவர் அல்ல.

வண்டியில் அழகு பார்ப்பது வீண் என்பவர்கள் சூரத்துந் நஹ்லைத் திறந்து பார்க்கட்டும். குதிரை, கோவேறு கழுதை, கழுதை இவற்றை ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் சொல்கிறான். நீங்கள் அறியாதவற்றையும் படைப்பான் என்றும் சொல்கிறான். ஏறிச் செல்வது மட்டுமே நோக்கம் என்றால் அலங்காரம் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. பெருமையடிப்பதும் வீண்செலவும் கூடாதுதான். அது கால் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சட்டம்.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் கனமானது. ஆலிம்கள் மனிதத் தேவைகளை மூன்று படியாகப் பிரிப்பார்கள்: இல்லாவிட்டால் வாழ முடியாதவை, இல்லாவிட்டால் கஷ்டப்படுபவை, இருந்தால் வாழ்வு அழகாகுபவை. முதற்படியே நிரம்பாமல் எத்தனை வீடுகள் இருக்கும்போது மூன்றாம் படியைப் பற்றிப் பேசலாமா? சங்கத்துப் பணத்தைப் பொறுத்தவரை நானும் இதை ஒப்புக்கொள்கிறேன். அரிசியும் இன்சுலினும் முதலில். ஆனால் இந்த வாதத்தை நாம் நமக்கு எப்போதாவது பொருத்திக்கொள்கிறோமா? கால் உள்ள நாம் இரவுச் சந்தைக்குப் போகிறோம், பந்தாட்டம் பார்க்கிறோம், ஈப்போவுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறோம். உன் முதற்படி நிரம்பிற்றா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. ஊனமுற்றவரை மட்டும் முதற்படியிலேயே உட்காரவைத்துக் கணக்குக் கேட்கிறோம். உயிரோடு இருப்பதே அவருக்குப் போதும் என்று தீர்மானித்துவிடுகிறோம்.

வெளிநாட்டுச் செய்திகள் இரண்டு சொல்கிறேன். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்டுக்கு 1921-இல், 39-ஆம் வயதில், நோயினால் கால்கள் விளங்காமல் போயின. பின்னாளில் கையாலேயே வேகத்தையும் பிரேக்கையும் நடத்தும்படி மாற்றிய 1936-ஆம் வருஷத்து போர்டு வண்டி ஒன்றை ஹைட் பார்க்கிலுள்ள தம் ஊரில் ஓட்டினார். 1939-இல் விருந்துக்கு வந்த ஆங்கில மன்னரையும் அரசியையும் அதில் ஏற்றித் தாமே ஓட்டிக் காட்டினார். ஜனாதிபதிக்குச் சாரதி இல்லாமலா போயிற்று? வேலைக்காக என்றால் சாரதி போதும். காற்று முகத்தில் பட, தாமே ஓட்டும் இன்பத்துக்குத்தான் அந்தக் கைப்பிடிகள்.

இங்கிலாந்து சர்க்கார் நடந்துகொண்ட விதம் வேறு. ஊனமுற்றோருக்கென்று இன்வாக்கார் போன்ற மூன்று சக்கர வண்டிகளைப் பல்லாண்டு காலம் கொடுத்துவந்தார்கள். பெரிய உதவிதான். ஆனால் அதில் ஒரே ஓர் ஆசனம். மனைவியை ஏற்ற முடியாது. பிள்ளையை ஏற்ற முடியாது. வேலைக்கும் வைத்தியசாலைக்கும் போகலாம். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக முடியாது. தேவையை அளந்தவர்கள் மகிழ்ச்சியை அளக்க மறந்தார்கள். 1977-இல் அங்கே வேறு ஏற்பாடு வந்து, சாதாரணக் கார்களே கிடைக்க ஆரம்பித்தன. சர்க்காரின் மூன்று சக்கர வண்டிகள் 2003 மார்ச் முடிவில் சாலையிலிருந்து விலக்கப்பட்டன. மிஞ்சிய சில, இன்று பழைய வண்டிகளின் கூட்டங்களில் காட்சிப் பொருளாக நிற்கின்றன. மனிதன் தனியாக ஓரிடத்துக்குப் போய்ச்சேர்வது மட்டும் வாழ்வு அல்ல என்பதற்கு அந்த ஒற்றை ஆசனமே சாட்சி.

நிற்க. இந்த வருஷம் வண்டிகள் மறுபடி கூடின. இந்தத் தடவை நான் முதலில் கேட்டேன்: "மாமா, போவோமா? எப்படிப் போனா உங்களுக்குத் தோது?" அவர் சொன்ன ஏற்பாடு என் புத்தியில் உதித்தே இருக்காது. காலையில் கூட்டம் சேருவதற்கு முன் போக வேண்டும்; கடையில் இருக்கும் இரண்டு பலகை எடுத்துக்கொள்ள வேண்டும்; நாற்காலியைப் பள்ளத்தில் முன்பக்கமாக இறக்காமல் பின்பக்கமாக இறக்க வேண்டும்; லுஹருக்கு முன் திரும்பிவிட வேண்டும். ஐந்து வருஷமாக அந்த நாற்காலியில் வாழ்கிறவருக்குத் தெரியாதா? சகதியை நான் ஒரு தடை என்று நினைத்தேன். அவருக்கு அது இரண்டு பலகைக் கணக்கு.

வாய்க்காலின்மேல் பலகை போட்டோம். ஒரு சீன வாலிபர் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். உள்ளே போனதும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். எஞ்சின் சத்தத்தை வைத்தே, இது பெட்ரோல், இது டீசல், இதற்கு டாப்பெட் தட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நின்றுகொண்டிருந்த நாங்கள் எல்லாரும் மேலே பெயிண்டைப் பார்த்தோம். உட்கார்ந்திருந்த அவர் கண்ணுக்குக் கதவின் கீழே அடிச்சட்டம் தெரிந்தது. ஒரு வண்டியின் அருகில் நிறுத்தச் சொல்லி, அதன் மலாய் வாலிபரிடம், சட்டத்தின் ஓரம் துருவில் தின்றுபோய் மேலே தார் பூசி மறைத்திருக்கிறது, மலை இறங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள் என்று மலாயில் பக்குவமாகச் சொன்னார். வாலிபர் குனிந்து பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்து முத்தமிட்டார். பிறகு ஒரு மூன்றாம் வரிசை வண்டியில் ஏற்றி உட்காரவைத்தோம். மஞ்சள் குமிழையும் சிவப்புக் குமிழையும் தொட்டுப் பார்த்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அவரே, "போதும் மாப்ளே" என்றார். திரும்பி வந்து லுஹர் தொழுதோம்.

ஊரில் சிலர், "அவரைக் கூட்டிப்போனது எவ்வளவு நல்லதாப் போச்சு. ஒரு பையன் உயிர் தப்பிச்சது" என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டு முழுவதும் பிடிக்கவில்லை. அவர் துருவைக் கண்டுபிடித்திராவிட்டால் அவர் வந்தது வீணா? சும்மா பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பியிருந்தால் அவருடைய ஹக்கு குறைந்துபோகுமா? அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கண் பார்வை இல்லாத ஸஹாபி. மக்காவில் அவர் தேடி வந்த சமயம் அவரைக் கவனிக்காமல் இருந்ததற்காக அல்லாஹ் தன் ஹபீபுக்கே அபஸ சூராவில் நினைவூட்டினான். அவர் மதீனாவில் பாங்கு சொன்னதும், நாயகம் வெளியூர் சென்ற காலங்களில் பொறுப்பேற்றதும் பிற்பாடு நடந்தவை. உபயோகம் தெரிந்த பிறகு அவருக்கு மரியாதை வந்ததல்ல. தேடி வந்தார் என்பதே போதுமான காரணமாயிற்று.

அந்தத் திடலில் நின்ற வண்டிகளையே பாருங்கள். பாதிக்கு மேல் இன்று மூட்டை சுமப்பதில்லை. உனக்கு என்ன உபயோகம் என்று அவற்றை யாரும் கேட்பதில்லை. இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறோம். தகரத்துக்குக் கொடுக்கும் இந்தத் தாராளத்தை ஆதமுடைய மக்களுக்குக் கொடுக்கக் கூடாதா? வண்டியாவது பழுது பார்த்த பிறகுதான் திடலுக்கு வருகிறது. மனிதன் பழுதோடேயே வரலாம். அவனைப் படைத்தவன் அவனை அப்படியே கண்ணியப்படுத்தியிருக்கிறான்.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மலேசியாவின் 2008-ஆம் வருஷத்து உடற்பேறு குறைந்தோர் சட்டத்தில், வைத்தியமும் வேலையும் மட்டும் அல்ல, பொழுதுபோக்கும் விளையாட்டும் கலாசார வாழ்வும் பேசப்பட்டிருக்கின்றன. 2010-இல் நம் நாடு ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாட்டு உடன்படிக்கையின் 30-ஆம் விதியும் இதே விஷயம்தான். ஆனால் சட்டம் வாய்க்காலின்மேல் பலகை போட வராது. அது பக்கத்தில் நிற்கிறவன் வேலை.

ஆகவே அடியேனுடைய அபிப்பிராயம் இது. மனமகிழ்ச்சியும் ஹக்கில் சேர்ந்ததுதான். அதற்காக நாம் வாரம் ஒரு திருவிழா நடத்த வேண்டியதில்லை. செய்ய வேண்டியது முதலாவதாகக் கேட்பது. "வேணாம்" என்று நாம் சொல்வதற்கு முன், "எப்படித் தோது?" என்று கேட்பது. அவர் வரவில்லை என்றால் விட்டுவிட வேண்டும், ருக்ஸத் அவருடையது. வற்புறுத்தி இழுத்துப்போவதும் அவர் முடிவைப் பறிப்பதுதான். வருகிறேன் என்றால் நம் சிரமத்தை அவர் சிரமமாக மாற்றிப் பேசாமல் பலகையைத் தேட வேண்டும். கேட்காமல் நாற்காலியைப் பிடித்துத் தள்ளக் கூடாது. அவர் போதும் என்னும் வரை நிற்க வேண்டும். மீலாது விழாவிலும் கல்யாண விருந்திலும் பெருநாள் கூட்டத்திலும் ஓர் ஓரத்தில் தனியாக உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், எல்லாரும் உட்காரும் வரிசையில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு இடம் விட வேண்டும். இதற்குப் பணம் தேவை இல்லை.

மாமா இப்போதே அடுத்த வருஷக் கணக்குப் போடுகிறார். பலகை கொஞ்சம் நீளம் போதவில்லையாம், ஆறடி வேண்டுமாம். வாங்கிக் கடையின் பின்புறம் வைத்திருக்கிறேன். நம் வட்டாரத்தில் வேறு யாருக்காவது வேண்டியிருந்தால் தயங்காமல் வந்து எடுத்துப்போகலாம்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிபாவையும், சுகமாக இருப்பவர்களுக்குக் கேட்டு நடக்கும் புத்தியையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.